கோப்பையை எண்ணினால் போதுமா? பைக் பந்தய ஜாம்பவான்கள் – வாசகர் கேள்வி பதில்

2025-ல் மார்க் மார்க்கேஸ் பைக் பந்தயத்தின் உச்சப் பிரிவான மோட்டோஜிபியில் மறுபடியும் உலகப் பட்டம் வென்றதிலிருந்து, "இவர் முன்னாள் சாம்பியன் வாலண்டினோ ரோஸியைத் தாண்டிவிட்டாரா?" என்று கேட்டு வரும் கடிதங்களுக்குக் குறைவில்லை. அந்தச் சண்டையில் யார் பக்கமும் சேராமல் எழுதப்பட்ட சில கேள்விகளும், சேர்ந்தே எழுதப்பட்ட சிலவும் இந்த இதழில்.

மோட்டோஜிபியில் 'லெஜண்ட்' என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்களாமே. எத்தனை முறை சாம்பியன் ஆனால் அதில் இடம் கிடைக்கும்?
– ஈரோடு வாசகர்

எண்ணிக்கை எதுவும் கிடையாது. பந்தயத்தை நடத்துபவர்கள் 2000-ம் ஆண்டிலிருந்து வைத்திருக்கும் கௌரவப் பட்டியல் அது. 15 உலகப் பட்டங்கள் வென்ற ஜாகோமோ அகோஸ்தினியும் அதில் இருக்கிறார். ஒரு பட்டம்கூட வெல்லாத ராண்டி மமோலாவும் இருக்கிறார். மமோலா, இன்றைய மோட்டோஜிபி பிரிவுக்கு முன்னோடியான 500 சிசி பிரிவில் நான்கு முறை இரண்டாம் இடம் பிடித்தவர், 13 பந்தயங்களில் ஜெயித்தவர். டானி பெத்ரோசா மோட்டோஜிபி பிரிவில் மட்டும் 31 பந்தயங்கள் வென்றும் அந்தப் பிரிவின் பட்டம் கிட்டாதவர். அவரும் உண்டு. பந்தய விபத்தால் உயிர்விட்ட டைஜிரோ காட்டோ, மார்கோ சிமோன்செல்லி ஆகியோரின் பெயர்களும் உண்டு.

ஆகவே அந்தப் பட்டியலை அன்பும் மரியாதையும் கலந்த ஆவணமாகப் பாருங்கள். ஒருவருடைய திறமையை எடைபோட வேறு வழிகள் இருக்கின்றன. அடுத்த கேள்வியே அதைப் பற்றித்தான்.

ஜெயிப்பது வண்டியா, ஓட்டுபவரா? நல்ல வண்டி கிடைத்தால் யாரும் சாம்பியன் ஆகலாம் என்கிறான் என் தம்பி.
– திருப்பூர் வாசகர்

உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சோதிக்க எளிய வழி, அதே ஆண்டில் அதே வண்டியை ஓட்டிய இன்னொருவர் என்ன செய்தார் என்று பார்ப்பது.

2007-ல் டுகாட்டி அணியில் கேஸி ஸ்டோனரும் லோரிஸ் கபிரோஸியும் இருந்தார்கள். ஸ்டோனர் 10 பந்தயங்கள் வென்று 367 புள்ளிகளோடு சாம்பியன் ஆனார். கபிரோஸி சாதாரண ஆள் இல்லை, மூன்று உலகப் பட்டங்கள் வென்றவர். அவருக்கு ஒரே ஒரு வெற்றி, 166 புள்ளிகள். பிறகு 2011-லும் 2012-லும் வாலண்டினோ ரோஸியே அந்த டுகாட்டி அணிக்குப் போனார். இரண்டு ஆண்டுகளில் ஒரு வெற்றிகூட இல்லை. ஸ்டோனரோ 2011-ல் ஹோண்டாவுக்கு மாறிய முதல் ஆண்டிலேயே மறுபடி சாம்பியன். ஒருவரை எடைபோட இதைவிடக் கறாரான தராசு கிடையாது. ஸ்டோனர் 27 வயதில் ஓய்வு பெற்றதால் அவர் பெயர் எண்ணிக்கைப் பட்டியல்களில் கீழே கிடக்கிறது. ஓட்டும் திறமையில் அவரை முதல் ஐவருக்குள் வைக்காதவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் சுற்றுவாரியான நேரப் பட்டியலை அதிகாரப்பூர்வத் தளத்தில் வெளியிடுகிறார்கள். தகுதிச் சுற்று நேரத்தை ஒதுக்கிவிடுங்கள். புது டயரில் ஒரே ஒரு சுற்று பறப்பது வேறு கலை. பந்தயத்தின் முதல் நான்கைந்து சுற்றுகளையும் விட்டுவிடுங்கள், அங்கே நெரிசல். கடைசி மூன்றில் ஒரு பங்குச் சுற்றுகளை எடுத்து, ஒரே வண்டியில், ஒரே வகைப் பின் டயரில் ஓடிய இருவரை ஒப்பிடுங்கள். டயர் தேய்ந்த பிறகும் ஒருவருடைய நேரம் ஒரு நொடியில் மூன்று நான்கு பத்திலொரு பங்குக்கு மேல் ஏறாமல் நிற்கிறது என்றால், அவர் முதல் பாதியில் பின் டயரைக் காப்பாற்றி வைத்திருந்தார் என்று அர்த்தம். அந்த இடத்தில் வண்டியின் பெருமை முடிந்து ஓட்டுபவரின் வேலை தெரிய ஆரம்பிக்கும்.

ரோஸி 2004-ல் ஹோண்டாவை விட்டு யமஹாவுக்குப் போனதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? அணி மாறுவது சகஜம்தானே?
– மதுரை வாசகர்

ஜெயிக்கிற வண்டியிலிருந்து தோற்கிற வண்டிக்கு மாறுவது சகஜமில்லை. 2003 முழுவதும் யமஹா வண்டிகள் மேடை ஏறியது ஒரே ஒரு முறை. பிரான்சின் லெ மான்ஸில் அலெக்ஸ் பரோஸுக்குக் கிடைத்த மூன்றாம் இடம். பெரிய பிரிவில் யமஹாவின் கடைசிப் பட்டம் 1992-ல் வெய்ன் ரெய்னி வாங்கியது. அப்படிப்பட்ட இடத்துக்கு, தன் தலைமை மெக்கானிக் ஜெர்ரி பர்ஜெஸையும் அழைத்துக்கொண்டு போனார் ரோஸி. 2004 ஏப்ரல் 18, தென் ஆப்பிரிக்காவின் வெல்கம். முதல் பந்தயத்திலேயே ஹோண்டாவில் வந்த மாக்ஸ் பியாஜியை 0.210 நொடியில் முந்தி ஜெயித்தார். ஆண்டு முடிவில் ஒன்பது வெற்றி, பட்டம்.

இதில் பலர் கவனிக்காத பகுதி இன்ஜின். மசாவோ ஃபுருசாவா தலைமையிலான யமஹா பொறியாளர்கள், அந்தக் குளிர்காலச் சோதனையில் ஒன்றுக்கு மேற்பட்ட இன்ஜின் அமைப்புகளை ரோஸியிடம் கொடுத்தார்கள். நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜினில் வழக்கமாக எல்லா பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் மேலேயோ கீழேயோ போய் நிற்கும். நின்று மறுபடி வேகமெடுக்கும்போது, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் கொஞ்சம் தயங்கும், கொஞ்சம் துள்ளும். ஒவ்வொரு சுழற்சியிலும் இது நடக்கும். எரிபொருள் எரிவதால் வரும் முறுக்குவிசையோடு இந்தத் தேவையற்ற துள்ளலும் கலந்து பின் சக்கரத்துக்குப் போகிறது. வளைவில் சாய்ந்தபடி மெல்ல ஆக்சிலரேட்டரைத் திருகும் ஓட்டுநருக்கு, டயர் பிடிக்கிறதா வழுக்குகிறதா என்று கைக்குத் தெளிவாகத் தெரியாது.

அந்தத் தண்டில் பிஸ்டன்கள் இணையும் இடங்களான கிராங்க் பின்களை 90 டிகிரி தள்ளித் தள்ளி வைத்தால் இரண்டு பிஸ்டன் நிற்கும்போது மற்ற இரண்டும் முழு வேகத்தில் இருக்கும். துள்ளல் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துப் போய்விடும். எரியும் இடைவெளி 270, 180, 90, 180 டிகிரி என்று ஒழுங்கில்லாமல் மாறும். உச்ச சக்தியை மட்டும் பார்த்துத் தேர்வு செய்பவர் இதை எடுத்திருக்க மாட்டார். ரோஸி இதைத்தான் எடுத்தார். பின்னால் அதே அமைப்பு யமஹாவின் ஆர்1 சாலை வண்டிக்கும் வந்தது. ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய. இருப்பதில் எந்த இன்ஜின் தன்னை வேகமாக்கும் என்று பொறியாளரிடம் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

அகோஸ்தினிக்கு 122 வெற்றி, ரோஸிக்கு 115. அப்படியானால் அகோஸ்தினிதானே பெரியவர்?
– நாகர்கோவில் வாசகர்

அந்த இரண்டு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. அகோஸ்தினி காலத்தில் ஒரே வார இறுதியில் 350 சிசி, 500 சிசி இரண்டிலும் ஓடலாம். 1967 பருவத்துக்குப் பிறகு ஹோண்டா விலகிக்கொண்டதால் அவர் ஓட்டிய எம்.வி. அகுஸ்தா வண்டிக்குச் சமமான போட்டியே இல்லை. 1968-ல் 500 சிசியின் பத்துப் பந்தயங்களையும் அவரே வென்றார்.

அதற்காக அவரை 'வண்டியால் வந்தவர்' என்று ஒதுக்கினால் தவறு. ஹோண்டா விலகுவதற்கு முன், 1967-ல், ஹோண்டா வீரர் மைக் ஹெயில்வுட்டோடு மோதினார். இருவருக்கும் தலா ஐந்து வெற்றி, ஒரே புள்ளிகள். இரண்டாம் இடங்கள் அதிகம் என்பதால் பட்டம் அகோஸ்தினிக்கு. பிறகு 1974-ல் எம்.வி.யை விட்டு யமஹாவின் இரண்டு-ஸ்ட்ரோக் வண்டிக்கு மாறி, 1975-ல் 33 வயதில் 500 சிசி பட்டம் வாங்கினார். அந்தப் பிரிவில் இரண்டு-ஸ்ட்ரோக் வண்டிக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. ரோஸியின் 2004-க்கு முன்னோடி என்றே சொல்லலாம்.

ரோஸியின் விகிதம் குறைவாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. 432 பந்தயங்களில் 115 என்றால் நூற்றுக்கு 27-க்குச் சற்றுக் குறைவு. ஆனால் அவர் கடைசியாக ஜெயித்தது 2017-ல், நெதர்லாந்தின் அஸ்ஸெனில். அதன் பிறகும் 2021 முடிய ஓட்டினார். சீக்கிரம் நிறுத்தியவர்களின் விகிதம் எப்போதுமே அழகாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 1972-ல் ஐல் ஆஃப் மேன் தீவின் சாலைகளில் நடக்கும் டிடி பந்தயத்தில் கில்பெர்ட்டோ பார்லோட்டி இறந்த பிறகு, அங்கே இனி ஓட்டமாட்டேன் என்றார் பத்து முறை அங்கே ஜெயித்த அகோஸ்தினி. மற்றவர்களும் சேர்ந்தார்கள். 1976-க்குப் பிறகு டிடி உலகப் பட்டப் பந்தயமாக இல்லை. 1979-ல் கென்னி ராபர்ட்ஸ் முதலானோர் பெல்ஜியத்தின் ஸ்பாவில், புதிதாகப் போட்ட தளம் வழுக்குகிறது என்று ஓட மறுத்தார்கள். தனிப் பந்தயத் தொடரே தொடங்குவோம் என்று ராபர்ட்ஸ் மிரட்டியது பரிசுத் தொகை உயரக் காரணமானது. இன்றைய வீரர்கள் பாதுகாப்பாக ஓடுவதில் இந்த மறுப்புகளுக்கும் பங்கு உண்டு. அதை எந்தப் புள்ளிப் பட்டியலும் காட்டாது.

மிக் டூஹன் பின் பிரேக்கைக் கட்டைவிரலால் பிடித்தாராமே? காலுக்கு என்ன ஆயிற்று?
– சேலம் வாசகர்

1992-ல் டூஹன் முதல் ஏழு பந்தயங்களில் ஐந்தை வென்று முன்னணியில் இருந்தார். அஸ்ஸெனில் தகுதிச் சுற்றில் விழுந்து வலது கால் முறிந்தது. சிகிச்சையில் சிக்கல் வந்து காலையே எடுக்க வேண்டிய நிலை. டாக்டர் கிளாடியோ கோஸ்டா, ரத்த ஓட்டம் கிடைக்கட்டும் என்று அவருடைய இரண்டு கால்களையும் சேர்த்துத் தைத்து வைத்தார். நான்கு பந்தயங்கள் போயின. பருவத்தின் கடைசிக்குத் திரும்பி வந்தும், நான்கே புள்ளிகளில் ரெய்னியிடம் பட்டத்தை இழந்தார்.

கால் பிழைத்தது, ஆனால் வலது கணுக்கால் சரியாக மடங்கவில்லை. பின் பிரேக் பெடல் வலது காலில்தான் இருக்கிறது. அதனால் இடது ஹேண்டில்பாரில், கட்டைவிரலால் தள்ளும் சிறு நெம்புகோலைப் பொருத்தினார்கள். அதிலிருந்து தனி ஹைட்ராலிக் குழாய், பின் பிரேக்கை அழுத்தும் காலிப்பருக்குப் போனது. இதில் எதிர்பாராத ஆதாயமும் இருந்தது. வலது பக்கம் முழுதாகச் சாய்ந்திருக்கும்போது பாதத்துக்கும் தரைக்கும் இடையே இடமே இருக்காது, பெடலை மிதிக்க முடியாது. கட்டைவிரலுக்கு அந்தத் தடை இல்லை. இன்று இரண்டு கால்களும் நன்றாக இருக்கும் வீரர்கள் பலர் அதைப் பயன்படுத்துவது இதனால்தான்.

1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள். அந்த 500 சிசி இரண்டு-ஸ்ட்ரோக் வண்டிகள் எடை சுமார் 130 கிலோ, இன்றைய மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. வளைவிலிருந்து வெளியே வரும்போது பின் டயர் சுழன்று பக்கவாட்டில் வழுக்கும். பயந்துபோய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடினால் டயர் திடீரென்று பிடித்துக்கொள்ளும். அமுங்கியிருந்த சஸ்பென்ஷன் விரிந்து வண்டி நிமிர, ஓட்டுபவர் மேலே தூக்கி எறியப்படுவார். இதுதான் ஹைசைடு. தப்ப வேண்டுமானால் ஆக்சிலரேட்டரை மூடாமல் கொஞ்சமாகத் தளர்த்தி, உடலை உள்பக்கம் வைத்தபடியே வண்டியை மட்டும் நிமிர்த்த வேண்டும். நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. முன் டயர் வழுக்கிப் படுத்துச் சறுக்கும் லோசைடு இவ்வளவு ஆபத்தில்லை.

மார்க்கேஸ் ஏன் ஜெர்மனியில் மட்டும் தோற்பதே இல்லை?
– கோவை வாசகர்

'தோற்பதே இல்லை' என்பது கொஞ்சம் மிகை. ஜெர்மனியின் சாக்சன்ரிங் தடத்தில் 2010 முதல் 2019 வரை எந்தப் பிரிவில் ஓடினாலும் அவரே ஜெயித்தார். 2021-லும் 2025-லும் ஜெயித்தார். ஆனால் 2023-ல் அதே இடத்தில் ஒரே வார இறுதியில் ஐந்து முறை விழுந்து, ஞாயிறு பந்தயத்தில் இறங்கவே இல்லை.

3.671 கி.மீ. நீளமுள்ள அந்தத் தடத்தில் 10 இடது வளைவு, 3 வலது வளைவு. மார்க்கேஸ் சிறுவயது முதல் மண்தடத்தில் பயிற்சி எடுத்தவர். அங்கே பெரும்பாலும் இடது பக்கமே சுற்றுவார்கள். பின் சக்கரம் வெளியே வழுக்குவதை வைத்தே வண்டியைத் திருப்புவது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் அந்தத் தடத்தின் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. இடது வளைவுகளே வரிசையாக வருவதால் டயரின் வலது பக்கம் ஆறிப்போகிறது. உடனே இறக்கத்தில் மிக வேகமான வலது வளைவு, 11-ம் திருப்பம். ஆறிய ரப்பரில் முன் பிரேக்கைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தபடி சாய்த்தால் முன் சக்கரம் மடங்கிவிடும். அங்கே விழுந்தவர்களில் உலக சாம்பியன்களும் உண்டு.

அவருடைய பெருமைக்கு வெற்றிகளைவிட 2020-க்குப் பிறகு நடந்ததைச் சொல்வோம். ஸ்பெயினின் ஜெரெஸில் வலது மேற்கை எலும்பு முறிந்தது. அவசரமாகத் திரும்பியதில் உலோகத் தகடு உடைந்தது, பிறகு தொற்று. எலும்பு 30 டிகிரிக்கு மேல் திரும்பியபடியே ஒட்டிக்கொண்டதால் 2022-ல் நான்காவது அறுவை சிகிச்சையில் அதை வெட்டித் திருப்பி வைத்தார்கள். 2024-ல், ஹோண்டாவோடு ஓர் ஆண்டு ஒப்பந்தம் மிச்சமிருக்கும்போதே விலகி, கிரெசினி அணியின் ஓராண்டு பழைய டுகாட்டியை எடுத்துக்கொண்டார். 1,043 நாட்களுக்குப் பிறகு அரகோனில் ஜெயித்தார். 2025-ல் டுகாட்டியின் முதன்மை அணியில் பட்டம். பெரிய பிரிவில் இப்போது ரோஸிக்கும் அவருக்கும் தலா ஏழு, அகோஸ்தினிக்கு எட்டு.

2025 தாய்லாந்துப் பந்தயத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த மார்க்கேஸ் வேண்டுமென்றே தம்பி அலெக்ஸை முன்னே விட்டாரே. பாசமா?
– தஞ்சாவூர் வாசகர்

டயர் காற்று. பந்தயச் சுற்றுகளில் குறைந்தது 60 சதவீதத்துக்கு முன் டயரின் அழுத்தம் 1.80 பார் அளவுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் 16 நொடி தண்டனை. சனிக்கிழமை நடக்கும் குறும்பந்தயமான ஸ்பிரிண்டில் 30 சதவீதம், 8 நொடி. புறப்படும் முன் எவ்வளவு காற்று வைப்பது என்பதே சூதாட்டம். ஒருவர் பின்னால் ஓடினால் முன் வண்டியின் சூடான காற்று டயர் மீதும் பிரேக் மீதும் படும், அழுத்தம் ஏறும். தனியாக முன்னால் ஓடினால் குளிர்ந்த காற்று, அழுத்தம் இறங்கும்.

கும்பலில் மாட்டிக்கொள்வோம் என்று கணக்குப் போட்டுக் குறைவாகக் காற்று வைத்தவர் முன்னால் போய்விட்டால், அழுத்தம் எல்லைக்குக் கீழே விழும். எச்சரிக்கை டாஷ்போர்டில் தெரியும். மார்க்கேஸ் தம்பியை முன்னே விட்டு, அவருக்குப் பின்னாலேயே பல சுற்றுகள் ஓடி, சுற்றுக் கணக்கு நிறைந்ததும் கடைசியில் முந்தி ஜெயித்தார். கூடுதலாகக் காற்று வைத்தால் இந்தத் தலைவலி இல்லையே என்பீர்கள். அழுத்தம் ஏறினால் டயர் தரையில் படியும் பரப்பு குறையும். பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரம் பூட்டிக்கொண்டு விழ வேண்டியதுதான். இரண்டு பக்கமும் பள்ளம்.

ஜோயி டன்லப் பெயரையும் ஜாம்பவான் வரிசையில் சேர்க்கிறார்கள். அவர் மோட்டோஜிபி ஓடியதாகத் தெரியவில்லையே?
– யாழ்ப்பாணம் வாசகர்

அவருடைய உலகம் சாலைப் பந்தயம். ஐல் ஆஃப் மேன் டிடி தடம் ஒரு சுற்றே 60.7 கி.மீ.; இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள், ஓரத்தில் கல்சுவர், வீடு, விளக்குக் கம்பம். பத்து நொடி இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்பி நேரத்தோடு மட்டும் போட்டியிட வேண்டும். முழுத் தடத்தையும் மனப்பாடம் செய்யவே பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் அனுபவசாலிகளுக்கு அங்கே மதிப்பு அதிகம். வட அயர்லாந்துக்காரரான ஜோயி 26 முறை அங்கே வென்றார். அதில் மூன்று, 48 வயதில், 2000-ம் ஆண்டின் ஒரே வாரத்தில். அடுத்த மாதமே எஸ்தோனியாவின் தாலினில் பந்தயத்தில் இறந்தார். அவருடைய தம்பி மகன் மைக்கேல் டன்லப் 2024-ல் அந்த எண்ணிக்கையைத் தாண்டினார்.

என் மகனுக்கு 14 வயது. பந்தய வீரனாக வேண்டும் என்கிறான். தமிழ்நாட்டில் வழி இருக்கிறதா? தாமதமாகிவிட்டதா?
– காஞ்சிபுரம் வாசகி

அம்மா, நேர்மையாகச் சொன்னால் ஸ்பெயின், இத்தாலிப் பிள்ளைகள் ஐந்தாறு வயதில் மினி பைக்கில் ஏறிவிடுகிறார்கள். ஆனால் உலகப் பந்தயத்தின் தொடக்கப் பிரிவான மோட்டோ3-க்கே குறைந்தபட்ச வயது இப்போது 18. தேசிய அளவுக்கு 14 தாமதமில்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூர் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கி.மீ. தடம் இருக்கிறது, கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே. தேசிய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம் எடுக்க வேண்டும். அதற்கு மருத்துவச் சான்று, பெற்றோர் ஒப்புதல், பயிற்சிப் பள்ளிச் சான்று கேட்பார்கள். வண்டி நிறுவனங்கள் ஒரே மாதிரி வண்டியை எல்லோருக்கும் கொடுத்து நடத்தும் பந்தயங்களில் தேர்வு பெறுவதுதான் செலவு குறைந்த வழி. 2011-ல் 125 சிசி உலகப் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான சரத்குமார் சென்னைக்காரர்தான்.

முதலில் உடைக்குச் செலவழியுங்கள். ஒரே துண்டாகத் தைத்த தோல் உடை, முதுகுக் காப்பு, மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேலே வரும் பூட்ஸ், முழுமுக ஹெல்மெட். வளருகிற பையன்தானே என்று தொளதொளப்பாக வாங்காதீர்கள். விழும்போது காப்புப் பட்டைகள் முழங்கை, முழங்காலை விட்டு நகர்ந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

வண்டி 150 சிசிக்கு மேல் வேண்டாம். சொந்த வண்டியைத் தடத்துக்குக் கொண்டுபோனால் கண்ணாடி, சைடு ஸ்டாண்டு, நம்பர் பிளேட்டைக் கழற்றி, விளக்குகளுக்கு டேப் ஒட்டி, எண்ணெய் வடிகால் போல்ட்டைக் கம்பியால் கட்டிவிடுங்கள். லிக்விட் கூலிங் என்றால் கூலண்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். கூலண்ட் தடத்தில் சிந்தினால் பின்னால் வருபவர்கள் வரிசையாக விழுவார்கள். முதல் ஆறு மாதம் சுற்று நேரத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு வளைவிலும் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கிறானா என்று மட்டும் பாருங்கள். சாலையில் சாகசம் காட்டினால் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஸியின் வண்டி எண்ணான 46-ஐ இனி யாரும் எடுக்க முடியாதா?
– விழுப்புரம் வாசகர்

மோட்டோஜிபி பிரிவில் முடியாது. 2022 மே மாதம் இத்தாலியின் முஜெல்லோவில் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கெவின் ஷ்வான்ட்ஸின் 34, நிக்கி ஹேடனின் 69 ஆகியவையும் அப்படித்தான். உங்கள் வண்டியின் ஸ்டிக்கருக்குத் தடை ஏதும் இல்லை.